திரவப் படிகப் படலத்தில் திட்டமிட்ட ‘குறைபாடு’: ஒளியைத் தடுப்பதும் கடத்துவதும் எப்படி?

பெங்களூரு: கைப்பேசி, தொலைக்காட்சி ஆகியவற்றின் எல்சிடி திரைகளில், பின்விளக்கிலிருந்து புறப்படும் ஒளியில் ஒரு சிறு பகுதியே பார்வையாளரின் கண்ணை வந்தடைகிறது. திரையில் உள்ள வழக்கமான தளவிளைவாக்கி, தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ பாதியை உட்கவர்ந்து வெப்பமாக மாற்றிவிடுகிறது. மின்கலத்தில் சேமித்த ஆற்றலில் ஒரு பங்கு இவ்வாறு வீணாகிறது.

ஒளியை உட்கவராமல், வேண்டிய நிறத்தையும் வேண்டிய தளவிளைவையும் மட்டும் பிரித்தெடுக்க முடியுமா என்ற கேள்விக்கு இயற்பியலாளர்கள் கண்ட விடைகளுள் ஒன்று, ‘கொலஸ்டிரிக்’ எனப்படும் திரவப் படிக வகையால் ஆன மெல்லிய படலம். இப்படலம் குறிப்பிட்ட நிறத்திற்கு ஒரு சுவரைப்போல் நின்று ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. அதன் நடுவே வேறொரு பொருளாலான மெல்லிய அடுக்கை வேண்டுமென்றே புகுத்தினால், அச்சுவரில் மிகக் குறுகிய சாளரம் ஒன்று திறக்கிறது. அந்த அடுக்கே ‘குறைபாட்டு அடுக்கு’ என்று அழைக்கப்படுகிறது.

பெயரைக் கண்டு ஏமாற வேண்டியதில்லை. தமிழில் ‘குறைபாடு’ என்றதும் பழுது, ஊனம், தரக்குறைவு என்ற பொருள்களே மனத்தில் எழுகின்றன. படிக இயற்பியலில் இச்சொல்லுக்கு, ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும் அமைப்பில் ஓரிடத்தில் அந்த ஒழுங்கு முறிகிறது என்பது மட்டுமே பொருள். இங்கு அம்முறிவுதான் பயன் தருகிறது.

ஒளியிலும் வலம்புரி, இடம்புரி

ஒளி என்பது மின்காந்த அலை. அலை செல்லும் திசைக்குச் செங்குத்தாக அதன் மின்புலம் அதிர்கிறது. சூரிய ஒளியில் இவ்வதிர்வு எல்லாத் திசைகளிலும் ஒழுங்கின்றி நிகழ்கிறது. ஒரே தளத்தில் மட்டும் அதிருமாறு செய்யப்பட்ட ஒளி, நேர்க்கோட்டுத் தளவிளைவு ஒளி. பள்ளி இயற்பியல் பாடநூல்களில் பெரும்பாலும் இதுவே விளக்கப்படுகிறது.

மற்றொரு வகையும் உண்டு. அதில் மின்புலத்தின் முனை, அலை முன்னேறும்போதே சுழன்றுகொண்டு செல்கிறது. ஒரு கணத்தில் அவ்வலையை அப்படியே உறையவைத்துப் பார்க்க முடிந்தால், மின்புல முனைகள் திருகாணியின் மரைபோன்ற ஒரு சுருளை வரைந்திருக்கும். சங்குகளில் வலம்புரி, இடம்புரி என இரண்டு இருப்பதுபோல் இச்சுருளுக்கும் இரு வகைகளே உண்டு. இது வட்டத் தளவிளைவு ஒளி எனப்படுகிறது. நேர்க்கோட்டுத் தளவிளைவு ஒளியைச் சம அளவிலான வலம்புரி ஒளியும் இடம்புரி ஒளியும் சேர்ந்த கலவை எனக் கருதலாம். இக்கட்டுரையின் பின்பகுதிக்கு இந்த உண்மை தேவைப்படும்.

சாதாரணக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது வலம்புரி ஒளி இடம்புரியாக மாறிவிடுகிறது. இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். வட்டத் தளவிளைவு முறையில் இயங்கும் 3டி திரைப்படக் கண்ணாடியை அணிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முகம் பார்க்கும் கண்ணாடியின் முன் நிற்க வேண்டும். திறந்திருக்கும் கண்ணின் முன்னுள்ள வில்லை கறுப்பாகத் தெரியும். மூடிய கண்ணோ மற்றொரு வில்லையின் வழியே தெளிவாகத் தெரியும். வலம்புரி வில்லையைக் கடந்து சென்ற ஒளி, எதிரொளித்து இடம்புரியாகத் திரும்புவதால் அதே வில்லைக்குள் மீண்டும் நுழைய முடிவதில்லை என்பதே இதற்குக் காரணம்.

கொலஸ்டிரிக் படலம் இவ்விதிக்கு மாறானது. அதில் பட்டுத் திரும்பும் வலம்புரி ஒளி, வலம்புரியாகவே திரும்புகிறது.

கேரட்டில் தொடங்கிய வரலாறு

பிராகு நகரில் பணியாற்றிய தாவரவியலாளர் பிரெடரிக் ரெய்னிட்சர், கேரட்டிலிருந்து பெறப்பட்ட கொலஸ்டிரால் சேர்மங்களை 1888ஆம் ஆண்டில் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவற்றுள் கொலஸ்டிரில் பென்சோயேட் என்ற சேர்மத்திற்கு இரண்டு உருகுநிலைகள் இருப்பது அவரை வியப்பில் ஆழ்த்தியது. 145.5 பாகை செல்சியசில் அது கலங்கலான திரவமாயிற்று. 178.5 பாகையில் அக்கலங்கல் நீங்கித் தெளிந்தது. குளிரும்போது நீலமும் ஊதாவுமாக நிறங்கள் தோன்றி மறைந்தன. ஜெர்மானிய இயற்பியலாளர் ஓட்டோ லேமன் இப்பொருளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, திரவம்போல் பாய்வதும் படிகம்போல் ஒழுங்குள்ளதுமான புதிய நிலை இது எனக் கண்டார். இவ்வகைக்குக் ‘கொலஸ்டிரிக்’ என்ற பெயர் அமைந்ததற்குக் கொலஸ்டிராலுடனான இத்தொடர்பே காரணம். இன்று பயன்படும் சேர்மங்கள் பலவற்றில் கொலஸ்டிரால் இல்லை.

ரெய்னிட்சர் கண்ட நிறங்கள் சாயத்தால் உண்டானவை அல்ல. கொலஸ்டிரிக் நிலையில் குச்சி வடிவ மூலக்கூறுகள் அடுக்கடுக்காக அமைகின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் அவை ஒரே திசையை நோக்குகின்றன. அடுத்த அடுக்கில் அத்திசை சற்றே திரும்புகிறது. இவ்வாறு திரும்பித் திரும்பி ஒரு முழுச் சுற்று முடிய ஆகும் நீளமே புரியிடைத் தூரம். திருகு அளவியைப் பற்றிப் படித்தவர்களுக்கு இச்சொல் பழக்கமானதாக இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: சராசரி ஒளிவிலகல் எண் 1.6, புரியிடைத் தூரம் 340 நானோமீட்டர் எனக் கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 544 நானோமீட்டர் கிடைக்கிறது. இது பச்சை நிறம். மூலக்கூறின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ஒளிவிலகல் எண்கள் 0.15 அளவுக்கு வேறுபட்டால், தடைப்பட்டையின் அகலம் 51 நானோமீட்டர். அதாவது, ஏறத்தாழ 519 முதல் 570 நானோமீட்டர் வரையிலான ஒளி, படலத்தின் சுருளோடு ஒத்த புரியுடையதாக இருந்தால் எதிரொளிக்கப்படுகிறது. பத்துப் புரிகள் கொண்ட படலமே இதற்குப் போதும். அதன் தடிமன் 3.4 மைக்ரோமீட்டர்தான். எதிர்ப்புரியுடைய ஒளியோ அப்படி ஒரு படலம் இருப்பதையே உணராததுபோல் கடந்து செல்கிறது.

தடைப்பட்டைக்குச் சற்று வெளியே உள்ள நிறங்களும் பாதிப்பின்றித் தப்புவதில்லை. நேர்க்கோட்டுத் தளவிளைவு ஒளியின் அதிர்வுத் தளத்தை இப்படலம் பெரிதும் திருப்பிவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு ஆயிரக்கணக்கான பாகை எனக் கணக்கிடப்படும் அளவுக்கு இச்சுழற்சி வலிமையானது. தடைப்பட்டையின் ஒரு பக்கத்தில் இச்சுழற்சி வலப்புறமாகவும் மறுபக்கத்தில் இடப்புறமாகவும் அமைகிறது. இதற்கான கோட்பாட்டை டி விரீஸ் 1951இல் வெளியிட்டார்.

சாளரம் திறக்கும் விதம்

இப்படலத்தை நடுவே இரண்டாகப் பிரித்து, இடையில் கண்ணாடி போன்ற, எல்லாத் திசைகளிலும் ஒரே ஒளிவிலகல் எண் கொண்ட மெல்லிய அடுக்கை வைப்பதாகக் கொள்வோம். இரு பாதிகளும் எதிரெதிரே நிற்கும் இரண்டு ஆடிகள்போல் ஆகின்றன. முதல் பாதிக்குள் ஊடுருவி நடுவே வந்து சேரும் சிறிதளவு ஒளி, அவ்விரண்டுக்கும் இடையே முன்னும் பின்னுமாக எதிரொளிக்கிறது. ஒரு முறை போய்வந்த அலை, புதிதாக வரும் அலையோடு மேடு மேட்டுடனும் பள்ளம் பள்ளத்துடனும் பொருந்தினால், ஒளி அங்கே திரண்டு வலுப்பெறுகிறது. பொருந்தும் அந்த ஒரு நிறம் மட்டும் மறுபக்கம் வெளியேறுகிறது.

தடைப்பட்டை 51 நானோமீட்டர் அகலமானது என்றால், தரமான படலத்தில் இச்சாளரத்தின் அகலம் ஒரு நானோமீட்டருக்கும் குறைவாக இருக்கலாம். இடை அடுக்கின் தடிமனையோ ஒளிவிலகல் எண்ணையோ சிறிது மாற்றினால் சாளரம் வேறு நிறத்திற்கு நகர்கிறது. அடுக்கு மிகவும் தடிமனாகிவிட்டால் ஒன்றுக்குப் பதில் பல சாளரங்கள் தோன்றுகின்றன.

தளவிளைவில் நிகழும் மாற்றம் இங்கேதான் கவனிக்கத்தக்கதாகிறது. வலம்புரிப் படலத்தின் மீது பச்சை நிற நேர்க்கோட்டுத் தளவிளைவு ஒளி விழுகிறது எனலாம். தடைப்பட்டையில் அதன் வலம்புரிப் பாதி திரும்பிவிட, இடம்புரிப் பாதி மட்டும் வெளிவருகிறது. ஆகவே வெளிவருவது வட்டத் தளவிளைவு ஒளி. சாளரம் அமைந்துள்ள நிறத்தில் இரு பாதிகளுமே கடந்து வருகின்றன. அவை மீண்டும் சேரும்போது ஏறத்தாழ நேர்க்கோட்டுத் தளவிளைவே கிடைக்கிறது. ஆனால் அதன் தளம் திரும்பியிருக்கும். நிறத்தில் ஒரு நானோமீட்டர் வேறுபாடு, ஒளியின் தளவிளைவு வகையையே மாற்றிவிடுகிறது.

பொருளே இல்லாத குறைபாடு

இடையில் எப்பொருளையும் வைக்காமலும் குறைபாட்டை உண்டாக்கலாம். படலத்தின் மேற்பாதியைக் கீழ்ப்பாதியின் மீது ஒரு கோணத்திற்குத் திருப்பி வைத்தாலே போதும். தொடர்ச்சியாக வந்த சுருளில் திடீரென ஒரு தாவல் ஏற்படுகிறது. நியூயார்க்கைச் சேர்ந்த விக்டர் காப், அஸ்ரியல் கெனாக் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதனை விரிவாக விளக்கியது. 90 பாகை திருப்பினால் சாளரம் தடைப்பட்டையின் சரியான நடுவில் அமைகிறது. கோணத்தை மாற்றினால் பட்டையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சாளரத்தை நகர்த்தலாம். 180 பாகை திருப்பினால் குறைபாடே மறைந்துவிடும். மூலக்கூறு அடுக்கிற்குத் தலை எது, கால் எது என்ற வேறுபாடு இல்லாததே காரணம்.

கோணத்திற்கும் நிறத்திற்கும் இத்தொடர்பு ஏன் என்ற கேள்வி, பெங்களூருவில் நடைபெற்ற ஓர் ஆய்வை நினைவுபடுத்துகிறது. ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய எஸ். பஞ்சரத்தினம், தளவிளைவு ஒளிக்கற்றைகளின் குறுக்கீட்டைப் பற்றி 1956இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 22. ஒளியின் தளவிளைவு நிலை படிப்படியாக மாறி மீண்டும் தொடங்கிய நிலைக்கே வந்தாலும், அது கடந்துவந்த பாதையின் வடிவத்தைப் பொறுத்து அலையில் ஒரு கட்ட மாற்றம் எஞ்சும் என்பதை அவர் காட்டினார். மைக்கேல் பெர்ரி 1984இல் குவாண்டம் இயற்பியலில் இதன் பொது வடிவத்தை முன்வைத்தார். இரண்டுக்கும் உள்ள உறவை எஸ். ராமசேஷன், ராஜாராம் நித்யானந்தா ஆகியோர் 1986இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எடுத்துக்காட்டினர். அதைக் காணப் பஞ்சரத்தினம் உயிருடன் இல்லை. 1969இல், 35 வயதில் அவர் காலமானார்.

கொலஸ்டிரிக் படலத்தைத் திருப்பும்போது, அதில் எதிரொளிக்கும் வட்டத் தளவிளைவு ஒளி, திருப்பிய கோணத்தைப்போல் இரு மடங்கு கட்ட மாற்றம் பெறுகிறது. இது பஞ்சரத்தினம் கண்ட கட்டத்தின் வகையைச் சேர்ந்ததே. 90 பாகை திருப்பினால் 180 பாகை கட்ட மாற்றம், அதாவது மேடு பள்ளமாகும் அளவு. சாளரம் பட்டையின் நடுவே அமைவதற்கு அதுவே தேவை.

பஞ்சரத்தினத்தின் அண்ணன் எஸ். சந்திரசேகர் 1971இல் அதே நிறுவனத்தில் திரவப் படிக ஆய்வகத்தைத் தொடங்கினார் என்பதும், 1977இல் தட்டு வடிவ மூலக்கூறுகளாலான திரவப் படிகங்களை அவரது குழு கண்டறிந்தது என்பதும் குறிப்பிடத்தக்கவை. இருவரும் சர் சி.வி. ராமனின் சகோதரி மகன்கள்.

தடிமன் கூடினால் தலைகீழ்

காப், கெனாக் ஆய்வில் எதிர்பாராத முடிவு ஒன்றும் உள்ளது. சுவர் எவ்வளவு தடிமனாக இருக்கிறதோ, சாளரம் அவ்வளவு கூர்மையாக அமையும் என்றே பொதுவாக எதிர்பார்க்கத் தோன்றும். வழக்கமான பல்லடுக்கு ஒளி வடிகட்டிகளில் நிகழ்வதும் அதுதான். கொலஸ்டிரிக் படலத்தில் ஓரளவுக்கு மேல் அது நிகழ்வதில்லை.

மெல்லிய வலம்புரிப் படலத்தில், குறைபாட்டின் நிறத்தில் வலம்புரி ஒளி கடந்து செல்கிறது. படலம் தடிமனாக ஆக, வெளியிலிருந்து வரும் வலம்புரி ஒளி நடுவே உள்ள குறைபாட்டை எட்டுவதற்கு முன்பே தேய்ந்துவிடுகிறது. சாளரம் இருக்கிறது, அதை அடைய வழி இல்லை. இடம்புரி ஒளிக்கோ படலத்தின் எப்பகுதியும் தடையில்லை. அது எளிதில் நடுப்பகுதியை அடைந்து, அங்கே சிறைப்பட்ட ஒளியோடு சிறிதளவு பிணைப்புக் கொள்கிறது. இதன் விளைவாக, தடிமனான படலத்தில் அதே நிறத்தில் இடம்புரி ஒளி எதிரொளிக்கப்படுகிறது. ஒரு புரிக்குத் திறந்திருந்த சாளரம், மறு புரிக்கு மூடிய கதவாக மாறிவிட்டது.

சிறைப்பட்ட ஒளி இடம்புரி வடிவில் எப்போதும் சிறிது கசிந்துகொண்டே இருப்பதால், படலத்தை மேலும் தடிமனாக்குவதால் ஒளி உள்ளே தங்கும் நேரம் கூடுவதில்லை. கருவிகளை வடிவமைப்போர்க்கு இது முக்கியமான எச்சரிக்கை. இக்காரணத்தால், எத்தனை புரிகள் போதும் என்பதை முன்கூட்டியே கணக்கிட வேண்டியுள்ளது.

வண்டின் முதுகில் உள்ள அடுக்கு

இடை அடுக்கு இரட்டை ஒளிவிலகல் உடையதாக இருந்தால் விளைவு வேறு. அத்தகைய அடுக்கு, சரியான தடிமனில், ‘அரை அலைத் தகடு’ ஆகிறது. தன்னைக் கடக்கும் வலம்புரி ஒளியை இடம்புரியாகவும், இடம்புரியை வலம்புரியாகவும் அது மாற்றிவிடும்.

இவ்வமைப்பை மனிதர் செய்வதற்கு நெடுங்காலம் முன்பே இயற்கை செய்துவிட்டது. மத்திய அமெரிக்கக் காடுகளில் வாழும் ‘கிரிசினா ரெஸ்பிளெண்டென்ஸ்’ என்ற வண்டு, பொன்னால் வார்த்ததுபோல் மின்னுகிறது. அதன் மேல்தோல் இடம்புரிச் சுருளாக அடுக்கப்பட்ட இழைகளால் ஆனது. இடம்புரி ஒளியை மேல் அடுக்கே திருப்பி அனுப்புகிறது. கடந்து செல்லும் வலம்புரி ஒளி, நடுவே சுருளாத ஓர் அடுக்கைக் கடந்து இடம்புரியாகிறது. கீழுள்ள இடம்புரி அடுக்கில் பட்டுத் திரும்பி, நடு அடுக்கை மீண்டும் கடக்கையில் வலம்புரியாகி வெளிவருகிறது. இவ்வாறு இரு புரி ஒளியும் எதிரொளிக்கப்படுவதால் பொன்னின் பொலிவு கிடைக்கிறது. நடு அடுக்கு அரை அலைத் தகடாகச் செயல்படுவதை ஸ்டான்லி கேவ்னி 1971இல் விளக்கினார்.

இதே உத்தியைச் சற்று மாற்றி, ஒளிக்கான ‘டயோடு’ ஒன்றை ஜப்பான், கொரிய ஆய்வாளர்கள் 2005இல் ‘நேச்சர் மெட்டீரியல்ஸ்’ இதழில் அறிவித்தனர். வேறுபட்ட புரியிடைத் தூரம் கொண்ட இரு வலம்புரிப் படலங்களுக்கு நடுவே இரட்டை ஒளிவிலகல் அடுக்கை அவர்கள் வைத்தனர். முதல் படலம் தடுக்கும் நிறத்தில் வலம்புரி ஒளி அப்பக்கமாக வந்தால் திரும்பிவிடும். அதே ஒளி மறுபக்கத்திலிருந்து வந்தால், இரண்டாம் படலம் அந்நிறத்தைத் தடுக்காது; நடு அடுக்கு அதனை இடம்புரியாக்கும்; பின்னர் முதல் படலமும் வழிவிடும். இதை முழுமையான ஒருவழிப் பாதை என்று சொல்வது மிகை. முதல் பக்கத்திலிருந்து இடம்புரி ஒளியை அனுப்பினால் அது தடையின்றிக் கடந்துவிடும். ஒளியின் மீள்தன்மை விதி இங்கும் மீறப்படவில்லை.

லேசரும் நடைமுறைத் தடைகளும்

குறைபாட்டில் ஒளி திரண்டு தங்குவதால், ஒளிரும் சாயத்தை அங்கே கலந்தால் தனி ஆடிகள் இல்லாமலேயே லேசர் உருவாகும். சாயம் கலந்த கொலஸ்டிரிக் பலபடியில், திருப்பல் குறைபாட்டிலிருந்து இவ்வாறு ஒளி உமிழப்படுவதை ஷ்மிட்கே, ஸ்டில்லே, ஃபிங்கல்மன் ஆகியோர் 2003இல் அறிவித்தனர்.

எனினும் குறைபாட்டு அடுக்குடைய படலங்கள் பெரும்பாலும் ஆய்வகங்களிலேயே உள்ளன. குறைபாடு இல்லாத எளிய கொலஸ்டிரிக் படலங்களோ, நெற்றியில் ஒட்டும் வெப்பமானிப் பட்டைகளாக எப்போதோ கடைகளுக்கு வந்துவிட்டன. அவ்வெப்பமானிக்கு உதவும் பண்பே இங்கு இடையூறாகிறது. வெப்பநிலை மாறினால் புரியிடைத் தூரம் மாறுகிறது, நிறமும் மாறுகிறது. 51 நானோமீட்டர் பட்டை சில நானோமீட்டர் நகர்வது பெரிதன்று. ஒரு நானோமீட்டர் அகலச் சாளரம் அவ்வளவு நகர்ந்தால், வேண்டிய நிறம் முற்றிலும் தவறிவிடும். ஒளி சாய்வாக விழுந்தாலும் சாளரம் குறுகிய அலைநீளப் பக்கம் நகர்கிறது.

சுருள் அமைப்பைப் பலபடியாக்கி உறையவைத்து, நடு அடுக்கில் மட்டும் சாதாரணத் திரவப் படிகத்தை நிரப்புவது இதற்கான வழிகளுள் ஒன்று. அப்போது சுவர் அசையாது. இரு பக்கமும் உள்ள ஒளிபுகும் மின்வாய்களில் மின்னழுத்தம் கொடுத்துச் சாளரத்தை மட்டும் நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம்.